மூடியில்லாத பேட்டரி

அண்ணன் என்னை அறைந்தபோது என் கையில் வேனுக்கான கரண்ட் கணக்கு இருந்தது. காது அடைத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் எதுவும் கேட்கவில்லை. காகிதத்தை மட்டும் நான் விடவில்லை.

அந்த வேனை ராஜபாளையத்தில் அண்ணன் நடத்தும் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுவந்தவர் கான்சாபுரத்துக்காரர். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் மாமா என்போம். அத்தையோடு ஊர் ஊராகப் போய், வேனிலேயே சமைத்து, வேனிலேயே படுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. கட்டில், அலமாரி, அடுப்பு மேடை எல்லாம் அண்ணன் பாடு. கூரையில் சோலார், உள்ளே பேட்டரி, ஒயரிங் தங்கச்சி என் பாடு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். அதற்கு மேல் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. அந்தக் கர்வம் எனக்கு உண்டு. மறைத்ததில்லை.

அத்தையிடம் கேட்டுக் கேட்டு எழுதிய கணக்கு அது. சின்ன ஃபிரிட்ஜ், நாள் முழுக்க. ஃபேன் இரண்டு. சட்னி அரைக்க மிக்சி ஐந்தே நிமிடம். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்காக இன்வெர்ட்டரைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. மாமா முதலில் போய் நிற்கப்போவது செண்பகத்தோப்பு. அங்கே மேற்கே மலை, வெயில் சீக்கிரமே அதற்குப் பின்னால் போய்விடும். போதாததற்கு நம் ஆட்கள் வண்டியை எங்கே கொண்டுபோனாலும் மரநிழல் தேடித்தான் நிறுத்துவார்கள். இரண்டையும் கழித்துப் பார்த்துத்தான் பேனல் எத்தனை, பேட்டரி எவ்வளவு என்று முடிவு செய்தேன்.

பேட்டரி என்பது நான்கு லித்தியம் செல்கள். செம்புப் பட்டையால் ஒன்றோடொன்று இணைத்து ஒரு மரப்பெட்டிக்குள் வைக்க வேண்டும். மேலே போல்ட்டுகள் திறந்தே கிடக்கும். தொட்டால் ஷாக் அடிக்காது. ஆனால் ஓர் இரும்புத்துண்டு குறுக்கே விழுந்தால் பறக்கும் நெருப்பில் வெல்டிங் மெஷின் தோற்றுப்போகும். அதனால் கணக்கின் கடைசி வரியைச் சிவப்பு மையில் எழுதியிருந்தேன்: பெட்டிக்கு மூடி செய்யாமல் செல்லை மாட்டக்கூடாது.

"மூடியெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்ட்டி," என்றான் அண்ணன். "ஆயுத பூசைக்கு வண்டி முழுசா நிக்கணும்."

"பன்னெண்டு வோல்ட்டுக்கா இம்புட்டு பயம்?" என்றார் மாமா. "லாரி பேட்டரி மேல உக்காந்து சோறு தின்ன ஆளு நானு."

அண்ணன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. மாமாவைப் பார்த்துச் சொன்னேன்: "எட்டாங்கிளாஸோட நின்னவனுக்கு இது எப்படிப் புரியும், மாமா?"

அப்போதுதான் அறைந்தான். கைக்கு அகப்பட்டதை நான் எறிந்தேன். ஒயர் நுனி அழுத்தும் இரும்புக் கருவி அது. அவன் புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. என் முடியைப் பிடிக்க வந்தவனை மாமா இடுப்போடு சேர்த்து அமுக்கிக்கொண்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கன்னத்தையும் அவன் புருவத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் வெட்டிக்கிட்டுச் சாவுங்க. நான் மடவார் வளாகத்துக் கோயில் வாசல்ல துண்டை விரிச்சு உக்காந்துக்கிடுதேன்."

அதன்பின் நான் பட்டறைப் பக்கம் போகவில்லை. பூசையன்று காலையில் அம்மா இழுத்துக்கொண்டு போனாள். வேன் கழுவி, மாலை போட்டு நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். செல்களை அண்ணனே மாட்டியிருந்தான், என் படத்தைப் பார்த்து, ஒரு போல்ட் தப்பாமல். மூடி இல்லை. நான்கு செல்லுக்கும் சந்தனம், குங்குமம். புதுச் சாமான் என்பதால் அதன் முன்னால்தான் சுத்தியல், கட்டிங் பிளையர் எல்லாம் வரிசையாக இருந்தன.

அண்ணன் கடைசியாகத் தன் பெரிய ஸ்பானரைத் துடைத்து எடுத்து வந்தான். எட்டாவதோடு நின்று பட்டறை வேலைக்குப் போன வருஷம் அவனுக்குக் கிடைத்த முதல் சாமான். எந்தப் பூசையிலும் எல்லாவற்றுக்கும் மேலே அதுதான் இருக்கும்.

"அண்ணே, அதுல வைக்காத."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டேதான் செல்கள் மேல் வைத்தான்.

வெடித்தது போல ஒரு வெளிச்சம். செம்புத் துளிகள் தெறித்து என் துப்பட்டாவில் ஓட்டை விழுந்தது. ஸ்பானர் இரண்டு முனையிலும் ஒட்டிக்கொண்டு சிவக்க ஆரம்பித்தது. அண்ணன் பின்னால் சாய்ந்தவன், திரும்ப வந்து அதை வெறுங்கையால் பிடித்து இழுத்தான். அவனுடைய ஸ்பானர் அல்லவா. உள்ளங்கை கருகும் வாடை எனக்கு வந்தது.

கட்டிலுக்கு அறுத்த மரக்கட்டை ஒன்று கிடந்தது. அதை எடுத்து ஸ்பானர் மேல் ஓங்கி அடித்தேன். பிய்த்துக்கொண்டு அவன் கையை விட்டுப் போய்த் தரையில் விழுந்தது. கட்டையை மறுபடி ஓங்கி அவன் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கட்டை வழியாக என் கைக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் மாமா எல்லாரிடமும் சொன்னார்: "இந்தப் புள்ள தட்டி விடலேன்னா அவன் கையே போயிருக்கும்." அம்மா என் தலையைத் தடவினாள்.

அவர்கள் டீ குடிக்கப் போனபிறகு அண்ணன் கேட்டான். "மொத அடியிலயே ஸ்பானர் விழுந்துருச்சுல்லட்டி?"

"ஆமா."

"ரெண்டாவது?"

"அது ஒனக்கு."

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கருகிய செல்களை மாற்றினேன். மூடியை நானே அளந்து அறுத்துப் பொருத்தினேன். அண்ணன் மாவுக்கட்டோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். என்னோடு பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. இடது கையால் மூடியை ஒரு முறை அசைத்துப் பார்த்தான்.

"மலை ரோட்டுல வண்டி குதிச்சா இது தெறிச்சிரும். கொக்கி போடு," என்றான்.

அது என் கணக்கில் இல்லை. இரண்டு பக்கமும் கொக்கி போட்டேன்.