மொரிப்பில் ஒரு சித்ரா பௌர்ணமி

நான் பயந்தாங்கொள்ளி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாசகர்கள் நடுவில் கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டாம். நாகப்பட்டினத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து வளர்ந்தும் நீச்சல் கற்றுக்கொள்ளாதவன். முதலாளியின் ஜவுளிச் சரக்கோடு பினாங்குக்கு வந்த கப்பலில்கூட, தளத்தின் நடுவே பாயைப் போட்டுக்கொண்டு, ஓரத்துக்கே போகாமல் வந்து சேர்ந்தேன்.

சரக்கு கைமாறிய பிறகு, ஊர் திரும்பும் கப்பலுக்கு ஒரு வாரம் இருந்தது. பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள பிறை ஸ்டேஷனில் இரவு ரயில் ஏறி, வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கோலாலம்பூரில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் கோவிந்தராஜன் நின்றான். என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவன். இப்போது செந்தூல் ரயில் பட்டறையில் பிட்டர். கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கிறான்.

"என்னடா சாமிநாதா, ரயில்லயாவது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தியா?" என்றான். உட்காரவில்லை என்பது அவனுக்கே தெரியும்.

அன்றைய காலை உணவை நான் மறக்க மாட்டேன். அவன் மனைவி காமாட்சிக்கு ஏழு மாதம். வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் இட்டிலியும் கொத்துமல்லித் துவையலும் செய்து வைத்திருந்தாள். இலை போட்டு உட்காரும்போது பக்கத்து வீட்டு நல்லதம்பி, மூடிய பாத்திரத்தோடு உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே அலுவலகத்தில் கிளார்க்கு. மெலிந்த உருவம், தோளில் மடிப்புக் கலையாத சால்வை, நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசும் சுபாவம். பாத்திரத்தில் அவர் தமக்கை அவித்த பிட்டு. சூடாக, தேங்காய்ப்பூ உதிர உதிர இருந்தது. இட்டிலியை முடித்த கையோடு பிட்டையும் முடித்தேன். பயந்தவனுக்குப் பசி குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சாப்பிட்டுக்கொண்டே கோவிந்தராஜன் பஞ்சாங்கத்தைப் புரட்டினான். "ஞாயித்துக்கிழமை சித்ரா பௌர்ணமிடா. நம்ம ஊர்ல கட்டுச்சோறு கட்டிக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போவோம்ல? இங்க மொரிப்னு ஒரு கடற்கரை இருக்காம். மூணு பேரும் போவோம். நல்ல நாள் லா."

"கடலா?" என்றேன்.

"நாகப்பட்டினத்துக்காரன் கேக்குற கேள்வியா இது?"

நல்லதம்பி சிரித்தார். "எங்கட பக்கம் அரை மைல் நடந்தாலும் முழங்கால் தண்ணிதான். பயப்பிடாதையுங்கோ" என்றார். கோவிந்தராஜன் தான் பாலனாக இருந்தபோது அலைக்குள் பாய்ந்து மீன் பிடித்த கதையை எடுத்துவிட்டான். இப்படியாக, கடலோரத்தில் பிறந்த மூன்று பேர், யாருமே பார்த்திராத ஒரு கடலைப் பற்றி எல்லாம் தெரிந்தவர்களாகப் பேசி முடித்தோம்.

ஞாயிறு காலை ஆறு மணி ரயிலில் கிள்ளானுக்குப் புறப்பட்டோம். கோவிந்தராஜன் கையில் அடுக்குப் பாத்திரம்: புளியோதரை, எலுமிச்சஞ்சாதம், தயிர்சாதம். கிள்ளானில் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சீனர் காப்பிக் கடை. பளிங்கு மேசை, கறுத்த கெட்டிக் காப்பி, கரியடுப்பில் வாட்டிய ரொட்டி. ரொட்டிக்கு நடுவே பச்சையாக ஏதோ ஒரு தித்திப்பைத் தடவியிருந்தார்கள். கயா என்றார்கள். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் என்று நாக்குக்குத் தெரிந்தது. மூன்று துண்டு தின்றேன். காப்பியும் ரொட்டியும் சேர்த்து ஆளுக்குப் பத்துக் காசு.

வெளியே வந்த பிறகு நல்லதம்பி மெதுவாகச் சொன்னார்: "அதுக்குள்ளை முட்டையும் கிடக்கு."

எனக்குச் சொரேலென்றது. சித்திரகுப்தன் பாவ புண்ணியக் கணக்கெழுதும் நாளில், விரதமும் அதுவுமாக முட்டை. கோவிந்தராஜன் விழுந்து விழுந்து சிரித்தான். மலாய்க்காரர் ஒருவரின் வாடகைக் காரைப் போகவர அந்த ஊர் நாணயத்தில் நான்கு வெள்ளிக்குப் பேசி ஏறினோம். பந்திங் வழியாக இருபத்தெட்டு மைல். இருபுறமும் ரப்பர், பிறகு தென்னை. டிரைவர் திரும்பிப் பார்த்து மலாயில் ஏதோ கேட்டார். கோவிந்தராஜன் நெஞ்சைத் தட்டிக்கொண்டு நீளமாகப் பதில் சொன்னான்.

"என்ன கேக்குறார்?"

"கடல் பழக்கமான்னு கேட்டார். மூணு பேருமே கடலோரத்துப் புள்ளைங்கன்னு சொன்னேன்." டிரைவரும் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்தார்.

மொரிப் அழகான இடம். வரிசையாகச் சவுக்கு மரங்கள், அடியில் மெத்தென்ற நிழல். பத்து மணிக்கு நாங்கள் போனபோது கடல் அமைதியாக நுரைத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில்போல ஆளை உருட்டும் அலை இல்லை. இளநீர் குடித்தோம், நிழலில் படுத்தோம், பள்ளிக்கூட வாத்தியார்களின் பட்டப்பெயர்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தோம். ஒவ்வொரு முறை நான் தலையைத் தூக்கிப் பார்க்கும்போதும் கடல் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. இப்படி மரியாதை தெரிந்த கடலை நான் பார்த்ததே இல்லை. பிறந்தது முதல் நான் கடலுக்குப் பயந்தேன். இங்கே கடல் எனக்குப் பயந்து விலகுகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

நடுப்பகலில் கடல் வெகுதூரத்தில் ஒரு கோடாகிவிட்டது. இடையில் பரந்து கிடந்த ஈர மணலில் நண்டுகள் ஓடின. "சோத்தை அங்க போய் வெச்சுச் சாப்பிடுவோம். கடல் நடுவுல இலை போட்டோம்னு ஊர்ல போய் சொல்லலாம்" என்றான் கோவிந்தராஜன். டிரைவர் காரில் தூங்கிக்கொண்டிருந்தார். நடந்தோம். வழியில் ஒரு தாழ்வான இடம். கணுக்கால் நனைந்தது, அவ்வளவுதான். அதைத் தாண்டிக் களத்துமேடுபோல உலர்ந்த ஒரு மணல்திட்டு. பாய் விரித்தோம். காமாட்சியின் புளியோதரை அமிர்தமாக இருந்தது. நல்லதம்பிகூட இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். காற்று சுகமாக வீசியது. மூன்று பேரும் அப்படியே கண்ணயர்ந்தோம்.

முதலில் விழித்தவன் நான். கடல் எதிரே கிட்டத்தில் வந்திருந்தது. கோவிந்தராஜனை உலுக்கினேன்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று புரண்டு படுத்தான் அவன். "பாருடா, அலையே இல்ல. குளம் மாதிரி கெடக்கு. இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு."

உண்மைதான், இன்னும் தூரம் இருந்தது. நான் எதிரே இருந்த கடலிலிருந்து கண்ணை எடுக்காமல் காவல் காத்தேன். வருவதானால் அங்கிருந்துதானே வரவேண்டும்?

நல்லதம்பிதான் கரைப்பக்கம் திரும்பினார். எழுந்து நின்றார். "கோவிந்தராசர், நாங்கள் வந்த வழி எங்கை?"

திரும்பிப் பார்த்தேன். கணுக்கால் நனைத்துக் கடந்த தாழ்வு, தெப்பக்குளத்து அகலத்துக்கு ஓர் ஆறாகக் கிடந்தது. சுழித்துக்கொண்டு ஓடியது. எதிரே இருந்த கடல் எங்களைப் பேச்சில் இருத்திவிட்டு, பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு பின்னால் வந்திருக்கிறது. சத்தமே இல்லை. எங்கள் ஊரில் கடல் ஏறுவதும் வடிவதும் ஒரு முழம், இரண்டு முழம். பௌர்ணமி அன்று இன்னும் கொஞ்சம். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தானாம். கடல் இப்படி அரை மைல் போகும், போனது இப்படித் திரும்பும் என்று எங்கள் மூவருக்கும் யார் சொல்லியிருக்கிறார்கள்?

கோவிந்தராஜன் ஓடிப்போய் இறங்கிப் பார்த்தான். நாலு எட்டில் கழுத்தளவு. மூவரில் நீந்தத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"ஒவ்வொருத்தரா இழுத்துட்டுப் போறேன். சாமிநாதா, நீ முதல்ல வா."

என் கால்கள் நகரவில்லை. உட்கார்ந்து பாயைப் பிடித்துக்கொண்டேன். அவன் கையைப் பிடித்து இழுத்தான், திட்டினான். "இவர் விருந்தாளி, இவரை முதல் கொண்டுபோங்கோ" என்றார் நல்லதம்பி. என்னால் எழ முடியவில்லை. "அவரைக் கூட்டிட்டுப் போடா, நான் அப்புறம் வரேன்" என்று எப்படியோ சொன்னேன். நான் விட்டுக்கொடுத்ததாக அவர்கள் நினைத்திருக்கலாம். உண்மையில் அந்தத் தண்ணீரில் கால் வைப்பதைவிட அங்கேயே சாவது எளிதாகத் தோன்றியது.

அவர்கள் போனார்கள். நீரோட்டம் இருவரையும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு தலை முங்கியது, எழுந்தது. கடைசியில் அக்கரையில் முழங்கால் தண்ணீரில் எழுந்து நின்றார்கள். இதற்குள் என் பாய் மிதக்கத் தொடங்கிவிட்டது. அடுக்குப் பாத்திரம் உருண்டு போயிற்று. எழுந்து நின்றேன். தண்ணீர் வெதுவெதுப்பாக முழங்காலைத் தொட்டது. திட்டு எங்கே முடிகிறது என்று இனித் தெரியாது. ஓர் அடி வைக்கவும் பயம். காலையில் தின்ற முட்டைதான் இப்படி வந்து நிற்கிறதென்று, கேட்டால் சிரிப்பீர்கள், மனதார நம்பினேன். என் இரண்டு பெண்குழந்தைகளின் பெயரையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கரை மணலில் ஏறிக் கோவிந்தராஜன் உட்கார்ந்துவிட்டான். தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டான். ஏன் உட்காருகிறான்? "கோவிந்தா, வாடா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காற்று என் பக்கம் வீசியது, குரல் போயிருக்காது. தண்ணீர் தொடைக்கு வந்தது. அவன் அசையவில்லை. அப்போது பக்கத்தில் நின்ற நல்லதம்பி வழுக்கித் திரும்பவும் ஆழத்தில் இறங்குவது தெரிந்தது. இடுப்பு, மார்பு, தோள் வரை போய்விட்டார். கோவிந்தராஜன் எழுந்து பாய்ந்தோடி அவரைப் பிடித்துப் பின்னால் தள்ளினான். எனக்கு வந்த கோபத்தை எழுதக் கூடாது. ஒரு தடவை காப்பாற்றிய ஆள் மறுபடி விழுந்து, எனக்குரிய நேரத்தைக் கெடுக்கிறாரே என்று அவரை வாய்விட்டுச் சபித்தேன்.

பிறகு கோவிந்தராஜன் வந்தான். தண்ணீர் என் இடுப்புக்கு மேல்.

"மல்லாக்கப் படு. என் கழுத்தை மட்டும் பிடிச்சே, ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தோம்."

என் சட்டையைப் பிடித்து இழுத்தான். காதில் தண்ணீர், கண்ணில் வானம். என் முதுகுக்கடியில் அவன் கால்கள் உதைப்பது முதலில் பலமாகத் தெரிந்தது. பிறகு அது தளர்வது தெரிந்தது. ஒரு தரம் இருவருமே முங்கினோம். எழுந்தபோது முகத்தில் ஈரத்துணி ஒன்று வந்து அறைந்தது. நல்லதம்பியின் சால்வை. மார்பளவு நீரில் நின்று அதன் நுனியை வீசியிருந்தார். பிடித்துக்கொண்டேன்.

கரைக்கு வந்து கோவிந்தராஜன் வாந்தி எடுத்தான். டிரைவர் ஓடிவந்து காரில் கிடந்த தன் கைலியை அவனுக்குப் போர்த்தினார். வானத்தைக் காட்டி அவர் சொன்னதை நல்லதம்பி தமிழில் விளக்கினார். பௌர்ணமிக்குத்தான் இங்கே கடல் மிகவும் வடிந்து மிகவும் ஏறுமாம். கடல் பழகியவர்கள் என்று சொன்னதால் அவர் எச்சரிக்கவில்லையாம். பஞ்சாங்கம் பார்த்து நல்ல நாளில்தான் வந்திருக்கிறோம். பிரிக்பீல்ட்ஸ் வந்ததும் கோவிந்தராஜன் சொன்னது ஒன்றுதான்: "காமாட்சிக்குத் தெரிய வேணாம்." அடுக்குப் பாத்திரத்தை ரயிலில் மறந்துவிட்டதாகச் சொன்னோம்.

வியாழக்கிழமை போர்ட் சுவெட்டன்ஹாமில் கப்பல். வழியனுப்ப இருவரும் அரைநாள் லீவு போட்டு வந்தார்கள். கிள்ளானில் இறங்கி அதே சீனர் கடையில் உட்கார்ந்தோம். காப்பி வந்தது. கோவிந்தராஜன் குடிக்கவில்லை, கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணு சொல்லணும்டா. அன்னைக்கு இவரைக் கொண்டுபோய் விட்டுட்டு நான் உட்கார்ந்தேன்ல? களைப்புன்னு நெனச்சிருப்ப."

"ஆமா."

"களைப்பு இல்ல. திரும்பப் போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். போனா நானும் வரமாட்டேன்னு தோணுச்சு. காமாட்சி மொகம் வந்து நின்னுச்சு. என்னால முடியாதுன்னு இவர்கிட்ட சொல்லிட்டேன். இவர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தண்ணில எறங்கி நடந்தார், உன் பக்கமா."

நான் நல்லதம்பியைப் பார்த்தேன். அவர் காப்பியைச் சாசரில் ஊற்றிக்கொண்டிருந்தார். வழுக்கி விழவில்லை, நடந்திருக்கிறார். அவரையா அப்படிச் சபித்தேன்?

"உங்களுக்கு நீச்சல் தெரியாதே" என்றேன்.

"தெரியாதுதான். அது இவருக்குத் தெரியும் எண்டபடியால்தான் இறங்கினனான்."

"பயமாக இல்லையா?"

"பயமில்லாமல்? கால் நடுங்கினது."

"கோவிந்தன் எழுந்து வராமல் இருந்திருந்தால்?"

அவர் சாசரை என் பக்கம் நகர்த்தினார். "ஆறப்போகுது. குடியுங்கோ" என்றார்.

நாகப்பட்டினம் வந்து சேர்ந்துவிட்டேன். எங்கள் ஊர்க் கடல் தினமும் இரைந்துகொண்டு முன்னால்தான் வருகிறது. மலாயாவில் எதைக் கண்டு மிகவும் பயந்தாய் என்று கேட்கிறார்கள். கடல் என்று சொல்லி வைக்கிறேன். அன்று என் கேள்விக்கு நல்லதம்பி பதில் சொல்லவில்லை. ஆனால் பதில் எனக்குத் தெரியும். அவர் நடந்துகொண்டே இருந்திருப்பார். அதை நினைத்தால்தான் இன்றும் எனக்குக் கைகால் நடுங்குகிறது.