அக்காவின் செப்புக் குழாய்

எங்கள் அருமை அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு ஆராதனைக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரைப் பள்ளிக்கூடத்து ரீச்சராக அறிவீர்கள். சிலருக்கு அவர் தேவாலயத்தின் கடைசி வாங்கில் தனியே அமர்ந்திருக்கும் மெலிந்த பெண். அவருக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே இதை எழுதும் கடமை எனக்கு வந்தது.

அக்கா பண்டத்தரிப்பில் பிறந்தார். அம்மாவை நாங்கள் சிறுவயதிலேயே இழந்தோம். அக்கா விடுதியில் தங்கிப் படித்து, பெண்கள் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கத் தொடங்கினார். கலியாணப் பேச்சுகள் நல்ல இடங்களிலிருந்து வந்தன. அந்த வேளையில்தான் எங்களைப் பெற்ற ஐயா பாரிசவாதத்தில் விழுந்தார். அவரைத் தூக்கி இருத்தி, ஊட்டி, உடுப்பு மாற்றி அக்கா பல வருடங்கள் பார்த்தார். ஐயாவை அடக்கம் செய்த பிறகு பேச்சு எதுவும் வரவில்லை. நான் நீர்வேலிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். அக்கா அந்தப் பெரிய வீட்டில் தனித்தார்.

எனது முதற் பிள்ளை ஒரு மார்கழி மாதம், மழைக்குளிருக்குள், காலத்துக்கு முந்திப் பிறந்தான். அக்கா வந்து உதவிக்கு நின்றார். மருத்துவிச்சி அறைக்குள் தணற்சட்டி வைத்தார். சட்டியைக் கிட்ட வைத்தால் பிள்ளை புகைக்குத் திணறியது. எட்ட வைத்தால் அதன் கால் குளிர்ந்து நீலம் பாய்ந்தது. அக்கா சட்டியை இழுப்பதும் தள்ளுவதுமாக இருந்தார். மூன்றாம் நாள் பிள்ளை எங்களை விட்டுப் போய்விட்டது. அதற்குப் பின் எனக்குப் பிள்ளை கிடைக்கவில்லை.

அடக்கம் முடிந்து திரும்புகையில் அக்கா சொன்னது ஒன்றுதான்.

"நெருப்பு வெளியிலை நிக்கவேணும், தங்கச்சி. சூடு மட்டும் உள்ளுக்கை வரவேணும்."

துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்தேன். அவரோ அதைப் பிடித்துக்கொண்டார். முதலில் செப்புக் கம்பியைச் சூடாக்கிப் பார்த்தார். ஒரு முனை கையைச் சுட, மறுமுனை சும்மா கிடந்தது. பிறகு குழாய்க்குள் சிறிது தண்ணீர் விட்டு, அதைக் கொதிக்க வைத்து, ஆவி உள்ளேயிருந்த காற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு வெளியேறும் கணத்தில் வாயை அடைத்துவிடும் யோசனை வந்தது. அடைத்த குழாயைச் சரிவாக வைத்து, தாழ்ந்த முனையை விளக்கில் காட்டினால், தண்ணீர் ஆவியாகி மேல்முனைக்கு ஓடும். அங்கே சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி நீராகிக் கீழே வழியும். மேலும் கீழும் ஒரே சூடு. புகை வெளியிலேயே நின்றுவிடும்.

சொல்ல எளிது. செம்பு வேலை செய்யும் கன்னாரிடம் கொடுத்து வாயைப் பற்றவைத்த முதற் குழாய் பாடசாலையில் வைத்தே வெடித்து, அக்காவின் இடக்கை முழங்கை வரை வெந்தது. பிள்ளைகள் படிக்கும் இடத்தில் இது வேண்டாமென்று பாடசாலையில் சொன்னார்கள், அது நியாயமே. அக்கா கிணற்றடிக் கொட்டிலுக்குப் போனார்.

"ரீச்சரம்மா, உந்தக் குழாயை விடுங்கோ. அடுத்தமுறை முகத்திலை அடிக்கும்," என்றார் கன்னார்.

"அடைச்சாப் பிறகு கனக்கச் சூடாக்கிப்போட்டன். பிழை என்னிலைதான். இன்னொண்டு செய்து தாருங்கோ."

அந்த வருடங்களில் அக்காவோடு கதைக்க ஆளில்லை. ஊரார் மரியாதையாகவே இருந்தார்கள். ஆராதனை முடிந்தால் காய்ச்சலைப் பற்றியும் கை எரிவைப் பற்றியும் விசாரிப்பார்கள். குழாயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் போகும்போது, துளி காற்று உள்ளே புகுந்தாலும் மறுமுனை குளிர்ந்தே கிடக்கிறது என்று ஆசையோடு தொடங்குவார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, நீ சாப்பிடு," என்று நிறுத்திவிடுவார். அந்தக் குழாயைப் பார்த்தால் எனக்கு என் பிள்ளையின் கால்தான் தெரிந்தது. அதை அக்கா அறிந்திருந்தார்.

கடைசியில், குறைமாதப் பிள்ளைகளைக் கிடத்த ஒரு பெட்டி வந்தது. வேப்பம் பலகை, மேலே கண்ணாடி, அடியில் சரிந்து ஓடும் செப்புக் குழாய், வெளியே ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. ஆஸ்பத்திரித் தாதிமாருக்குத் தலைவியான பெரிய மிஸ்ஸி அதற்குள் வெப்பமானியை வைத்துப் பல நாள் பார்த்த பின்பே சம்மதித்தார். முதலில் அதில் கிடந்தது தொண்டைமானாற்றுக் கடற்றொழிலாளி ஒருவரின் பெண்குழந்தை. தாய் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, பெட்டிக்குள்ளை நெருப்பு இருக்கோ?"

"இல்லை, பிள்ளை. சூடு மட்டும்தான்."

"அப்ப என்ரை கையைப்போலையோ?"

"ஓம். உன்ரை கையைப்போலைதான்," என்றார் அக்கா.

அந்தக் குழந்தை தப்பியது. அதற்குப் பின் பல குழந்தைகள் தப்பின. சில தப்பவில்லை, அவற்றின் அடக்கத்துக்கெல்லாம் அக்கா போய், பின்னால் நின்றுவிட்டு வந்தார். உலக யுத்தம் வந்து மண்ணெண்ணெய் பங்கீட்டுக்கு வந்தபோது, தன் வீட்டுப் பங்கை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார். பொழுதுபட முன் சாப்பிட்டுவிட்டு, விளக்கில்லாத வீட்டில் இருந்தார். "கண்ணுக்கு இருட்டுப் பழகிப்போச்சு," என்பார். எங்களோடு வந்து இருக்கும்படி என் கணவரும் நானும் கேட்டோம். வரவில்லை.

யுத்தம் முடிந்த பின் அக்காவுக்கு நெஞ்சு வருத்தம் கண்டது. அவர் படுத்த படுக்கையாய் இருக்கையில், மலாயாவில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பென்சனியர் ஒருவர், பேத்தியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் பெட்டியைக் கண்டு, விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார். குழாயைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா எழுந்து தலையணையில் சாய்ந்துகொண்டு பதில் சொன்னார். கடைசியில் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"பிள்ளை, மனவருத்தப்படக் கூடாது. உது பழைய விசயம். சீமையிலை பாண் சுடுகிற போறணையளுக்கு உந்தக் குழாயைத்தான் போடுகினம். நான் பிறக்க முந்தியே ஆரோ ஒரு வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சிட்டான்."

அக்கா நிமிர்ந்தார்.

"மெய்யே? காத்தை எடுத்துப்போட்டே அடைச்சவர்?"

"ஓம்."

"அவருக்கும் முதல் குழாய் வெடிச்சிருக்குமோ?"

"வெடிக்காமல் இருக்குமே!"

அக்கா சிரித்தார். ஐயா விழுந்த நாளுக்குப் பிறகு அப்படி அவர் சிரித்து நான் கண்டதில்லை. "தங்கச்சி, கேட்டியே? எனக்கு முந்தி ஒராள் இதை யோசிச்சிருக்கிறார்," என்றார். அந்த ஆளின் பெயரைக் கேட்டார், பென்சனியருக்கு ஞாபகமில்லை. அன்றிலிருந்து அவர் கண்மூடிய நாள் வரை, மாலை ஜெபத்தில் எங்கள் பெயர்களைச் சொன்ன பிறகு "அந்த மனுசனையும்" என்று ஒரு வார்த்தை சேர்த்தார்.

அக்காவின் இறுதி நாட்களில் பக்கத்தில் இருந்த பெரிய மிஸ்ஸிக்கும், இரவு பகலாக வந்து நின்ற அயலவர்க்கும், குழாய்களைப் பற்றவைத்த கன்னாருக்கும், வழி விசாரித்து வந்த பென்சனியர் ஐயாவுக்கும், அடக்க ஆராதனை நடத்திய போதகருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எங்கோ ஒரு பட்டறையில், கேட்பார் யாருமின்றி, ஒரு குழாயின் முன் தனியே இருந்திருக்கக்கூடிய அந்தப் பெயர் தெரியாதவருக்கும், அக்காவின் சார்பில், நன்றி.

இங்ஙனம்,
தங்கச்சி