வெயில் அடிக்கும் நாள்

மனைவி ஃபெம்கேக்குச் சிறுநீரகம் கெட்டு, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் வீட்டுக்கே வந்தபோதுதான் வீபே கூரை முழுக்கச் சோலார் தகடுகள் போட்டார். பகலெல்லாம் ஓடும் இயந்திரத்துக்குப் பகல் வெயிலே மின்சாரம் கொடுக்கும், போட்ட பணம் எட்டு வருடத்தில் திரும்பிவிடும் என்பது கணக்கு. மூன்றாம் வருடமே அவள் போய்விட்டாள். இயந்திரத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஒற்றை ஆளுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டியிருக்கும்? மிச்சமெல்லாம் தெருக் கம்பிக்குப் போனது. மின் நிறுவனம் அதற்குக் கொடுத்த விலையைவிட, அதை வாங்கிக்கொள்வதற்கென்று அவரிடமே பிடித்த கட்டணம் அதிகம். எதையும் வீணாக்கிப் பழகாத வீபே, வெயில் அடித்த நாளெல்லாம் ஓவனைப் போட்டு ஆப்பிள் கேக் சுட்டார். சாப்பிட ஆளில்லாமல் பக்கத்து வீட்டு ரினுஸிடம் நீட்டினார்.

“இன்னிக்கும் கேக்கா? எனக்குச் சர்க்கரை வராம விடமாட்ட போல. வெண்ணெய் விக்கிற விலையில இது எந்த ஊர்க் கணக்குய்யா? பேசாம தகட்டையெல்லாம் அணைச்சுப் போடு.”

“அவளுக்காகப் போட்டதுய்யா.”

“தெரியும்.” ரினுஸின் குரல் இறங்கியது. “அவ இல்லையேய்யா, வீபே.”

வீபே உள்ளே போய் மின் மீட்டர் இருந்த அலமாரியைத் திறந்து தகடுகளின் சுவிட்சை அணைத்தார். எந்த வித்தியாசமும் தெரியவில்லை. வெளியே ஜூன் மாத வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் ஒரு மேகம் வந்தாலே அவரும் ஃபெம்கேயும் ஜன்னலில் நின்று அதைத் திட்டுவார்கள். நாளைக்காவது மழை பெய்யட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார்.