கழுத்தளவுத் தண்ணீரில் ஹனிமூன்

எங்கள் ஹனிமூனைப் பார்க்க ஓர் ஊரே கரையில் வந்து நின்றது. சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் ஒவ்வொரு கம்பெனியாக வந்துகொண்டிருந்தது. சவுக்குத் தோப்பும் வேர்க்கடலைக் கொல்லையுமாகக் கிடந்த இடத்தில் திடீரென்று ஒரு சுற்றுச்சுவர் எழும்பும். சுவருக்குப் பின்னால் தகரக் கூரை தெரியும். பிறகு ஒருநாள் சங்கு ஊதும். அப்படிச் சங்கு ஊத ஆரம்பித்த ஓர் இரும்புக் கம்பி ரோலிங் மில்லில்தான் என் வீட்டுக்காரருக்கு வேலை. அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர்கள். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவர்.

நான் செவ்வாப்பேட்டைப் பெண். என் அப்பா தினமும் ரயிலேறி ஆவடிக்கு வேலைக்குப் போய் வந்தவர். பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளைக்கு மில்லில் என்ன வேலை என்று அப்பா கேட்டார். "மிஷின் பக்கம்" என்று பதில் வந்தது. அப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கும்தான்.

கல்யாணமாகிப் போன வீட்டில் ஒரே அறை. மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தன்கள், ஒரு நாத்தனார். நடுவில் கயிறு கட்டி ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டிருந்தார்கள். புடவைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவர், அந்தப் பக்கம் மற்ற எல்லோரும். மாமனார் புரண்டு படுத்தால் புடவை ஆடும். நாங்கள் என்ன பேச முடியும்? அவர் ஷிப்டு முடிந்து வருவார், சாப்பிடுவார், தூங்குவார். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று நான் கேட்பேன். சரியாக இருக்கிறது என்பார். கல்யாணமான முதல் மாதத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சில் பாதி உப்பைப் பற்றியதுதான்.

அவருக்கு எங்கிருந்து அந்த யோசனை வந்தது என்று தெரியவில்லை. சினிமாவாக இருக்கலாம். மில்லுக்கு மிஷின் மாட்டிக் கொடுக்க வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் ஊருக்குத் திரும்பும்போது, எடுத்துப் போக முடியாத சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஒருவருக்குத் தொப்பி, ஒருவருக்கு பூட்ஸ். இவருக்குக் கிடைத்தது தண்ணீருக்குள் பார்க்கிற கண்ணாடி. கண்ணையும் மூக்கையும் மூடுகிற மாதிரி கறுப்பு ரப்பர் வைத்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சில நாள் பரண்மேல் வைத்திருந்தார். பிறகு ஒருநாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, யாரையும் பார்க்காமல், நாங்கள் இரண்டு பேரும் ஹனிமூன் போகிறோம் என்று அறிவித்தார்.

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். "அனிமூனா? அது எந்தாண்ட கீது? பஸ்ஸு போவுதா?"

அவர் தட்டைப் பார்த்தபடியே, "பயவேற்காட்டுக்கு அந்தாண்ட" என்றார்.

"அப்ப வரசொல்ல நல்ல கருவாடா பாத்து வாங்கியா."

அன்று சாயங்காலமே தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, மகனும் மருமகளும் அனிமூனுக்குக் கருவாடு வாங்கப் போகிறார்கள் என்று.

பொன்னேரி வரை ரயில். அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ். பிறகு படகு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமாக ஒரு மணல் திட்டு கிடக்கிறது. அதில் சில மீனவக் குப்பங்கள். அவருடன் மில்லில் வேலை செய்த ஒருவரின் அக்கா அங்கே ஒரு குப்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அவர் வீட்டில் இரண்டு நாள் தங்கிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. எனக்குத் தண்ணீர் என்றால் கிணற்றடியும் குழாயடியும்தான். நீந்தத் தெரியாது. படகுக்காரர் கழியை ஊன்றித் தள்ளத் தள்ள, நான் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் என்னைவிடக் கொஞ்சம் தள்ளி, மடியில் மஞ்சள் பையை வைத்துக்கொண்டு, ஆபீசருக்கு எதிரே உட்கார்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பையில் கண்ணாடி இருந்தது.

அக்கா கரையிலேயே நின்றிருந்தார். நல்ல உயரம். நாலு படகுக்குக் கேட்கிற குரல். அவருக்குப் பின்னால் பெண்கள், பிள்ளைகள், வலை பின்னிக்கொண்டிருந்த ஆண்கள் என்று குப்பமே வந்திருந்தது. புதுசாகக் கல்யாணமான ஜோடி, சும்மா சுற்றிப் பார்ப்பதற்காகப் பணம் செலவழித்துக்கொண்டு அந்த மணலுக்கு வந்தது அதுவரை நடந்ததில்லையாம். என் வளையலைப் பிடித்துப் பார்த்தார்கள். தாலியை எடுத்துப் பார்த்தார்கள். நாங்கள் நடந்தால் அவர்கள் நடந்தார்கள். உட்கார்ந்தால் சுற்றி உட்கார்ந்தார்கள்.

அன்று சாயங்காலம் அவர் டவுசரோடு ஏரியில் இறங்கிக் கண்ணாடியை மாட்டினார். கரையில் ஒரே சலசலப்பு. கும்மிடிப்பூண்டியில் கம்மியங்கால் ஓடைப் பக்கத்து பம்ப்செட் கிணறுகளில் நீந்திப் பழகியவர், தம் பிடித்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் முதுகு மட்டும் தெரிந்தது. எழுந்து வந்ததும் எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று.

அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சேறு" என்றார்.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், அதைக் கண்ணாடி இல்லாமலேயே நாங்கள் சொல்லியிருப்போமே என்றார். கரை முழுவதும் சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஆனால் காது மடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அந்த ஒரு மாதத்தில் முதல்முறையாக அவருக்காக எனக்குள் ஒன்று வலித்தது அப்போதுதான்.

அக்கா கூட்டத்தை அதட்டி அனுப்பினார். எங்களுக்கு அவருடைய குடிசையையே விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு வாசலில் படுத்துக்கொண்டார். ஓலைத் தடுப்புக்கு வெளியே அவர்கள் மூச்சு விடுவது கேட்டது. புடவைத் தடுப்பிலிருந்து ஓலைத் தடுப்புக்கு வந்திருக்கிறோம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அக்கா எங்களை ஒரு சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு அவரே தள்ளிக்கொண்டு போனார். ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்துக்கு. கடல் தண்ணீர் உள்ளே ஏறி வருகிற நேரத்தில் அங்கே தெளிவாக இருக்கும் என்றார். ஒரு மணல்மேட்டின் ஓரம் படகைக் கட்டிவிட்டு, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டார்.

"நா அந்தாண்ட மட்டி பொறுக்கிக்கினு கீறேன். ஒங்க வேலைய பாருங்க. திரும்பிப் பாக்க மாட்டேன்" என்றார். சொன்னபடியே மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கி மறைந்து போனார்.

எங்களைச் சுற்றி யாருமே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஓர் இடத்தில் நாங்கள் நின்றது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் புடவையை வரிந்து முடிந்துகொண்டேன். அவர் மெதுவாக இறங்கிக் கையை நீட்டினார்.

"வா. நா புடிச்சிக்கினு கீறேன், உடமாட்டேன்."

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, பிறகு மார்புக்கு. கடலிலிருந்து வருகிற தண்ணீர், குளிர்ச்சியாக, இளம்பச்சையாக என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிற்று. அவர் கண்ணாடியில் எச்சிலைத் தடவிக் கழுவி எனக்கு மாட்டிவிட்டார். ரப்பர் வாரில் என் முடி சிக்கிக்கொண்டது. ஒவ்வொரு மயிராகப் பொறுமையாக எடுத்துவிட்டார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். என் கையை ஒரு தரம் அழுத்தினார். நான் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன்.

முதலில் சத்தமெல்லாம் நின்று போனது. அலை, காற்று, பறவை எதுவும் இல்லை. அலறிக்கொண்டு எழுந்தேன். மறுபடி வைத்தேன். மறுபடி எழுந்தேன். அவர் கையை விடவில்லை. நாலைந்து தரம் ஆன பிறகுதான் கண்ணைத் திறந்து பார்த்தேன். மணல் வரிவரியாகக் கிடந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்த பச்சைப் புல். விரலளவு மீன்கள் அவர் பாதத்துக்குப் பக்கத்தில் வந்து வந்து திரும்பின. ஒரு நண்டு எங்களைப் பார்த்துக்கொண்டே பின்வாங்கிப் போனது. எனக்குச் சிரிப்பு வந்து வாய்க்குள் உப்பு நிறைந்தது. எழுந்து இருமிவிட்டு, அவர் சொல்லாமலே மறுபடி குனிந்தேன்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். டவுசர் தண்ணீரில் மிதந்து மேலே ஏறியிருந்தது. வலது தொடையில், முழங்காலுக்கு மேலே தொடங்கி, ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு. தோல் சுருங்கி, வெளுத்து, கயிறு சுற்றி இறுக்கிய மாதிரி இருந்தது. எங்கள் வீட்டு இருட்டிலும் அவருடைய லுங்கிக்குள்ளும் ஒரு மாதமாக மறைந்திருந்த தழும்பை, தண்ணீருக்குள் பட்டப்பகல் வெளிச்சத்தில் பார்த்தேன்.

எழுந்து கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினேன். "இன்னாங்க இது?" என்றேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கடல் பக்கம் பார்த்தார்.

"கம்பி. போன வருசம். ரோலர்ல இருந்து பழுக்கப் பழுக்க வரும், இடுக்கியில புடிச்சி அடுத்த ரோலர்ல உடணும். ஒண்ணு வழிமாறி வந்து சுத்திக்கிச்சி."

"மிஷின் பக்கம்னு சொன்னீங்களே."

"மிஷின் பக்கந்தான்" என்றார். பிறகு, "ரொம்பப் பக்கம்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. தெரிந்திருந்தால் என் அப்பா பெண் கொடுத்திருப்பாரா என்று கேட்டார். கொடுத்திருக்க மாட்டார் என்று உள்ளதைச் சொன்னேன்.

"நீ வந்திருப்பியா?"

கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, மூச்சை இழுத்து உள்ளே போனேன். போய், அந்தத் தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருக்கும் என்று ஏனோ நினைத்திருந்தேன். சூடாக இல்லை. அந்தக் கடல் தண்ணீரைப் போலவே குளிர்ந்திருந்தது. மூச்சு முட்டும் வரைக்கும் கையை எடுக்கவில்லை.

நான் எழுந்தபோது அவர் முகம் முழுவதும் ஈரமாக இருந்தது. அவர் அப்போது தண்ணீருக்குள் முகம் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு பேசினோம். தண்ணீர் ஏறி ஏறிக் கழுத்தளவுக்கு வந்துவிட்டது. அவர் என்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். உலை எப்படி இருக்கும், கம்பி வருகிற சத்தம் எப்படி இருக்கும் என்றெல்லாம் சொன்னார். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸானதையும் டீச்சர் ட்ரெயினிங் போக ஆசைப்பட்டு அப்பா வேண்டாமென்றதையும் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. பெண் படித்திருக்கிறாள் என்று மட்டும் சொல்லியிருந்தார்களாம். படிக்க ஆசைப்பட்டாள் என்று யார் சொல்லப் போகிறார்கள்? பெரிய பெரிய வாக்குறுதி எதுவும் நாங்கள் கொடுத்துக்கொள்ளவில்லை. வேறு வேலை கேட்டுப் பார்க்கிறேன் என்றார். நான் ஏதாவது செய்கிறேன் என்றேன். அவ்வளவுதான்.

அக்கா கூடை நிறைய மட்டிச் சிப்பியோடு வந்து, உள்ளே என்ன தெரிந்தது என்று கேட்டார். மீன் என்றேன்.

"மீனப் பாக்கவா இம்மாந்தூரம் வந்தீங்கோ" என்று சொல்லிக்கொண்டே படகை அவிழ்த்தார். அன்று மத்தியானம் அவர் வைத்த மட்டிக் குழம்பின் காரம் இன்னும் என் நாக்கில் இருக்கிறது. அந்தக் கை மணம் பிறகு எந்த வீட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

கருவாடு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம். மறுநாள் அவர் ஷிப்டு முடிந்து வந்ததும், தழும்பில் தடவத் தேங்காய் எண்ணெயைச் சூடு பண்ண அடுப்படிக்குப் போனேன். மாமியார் அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தார். என் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அந்தப் புண் ஆறுகிறவரை மருந்து போட்டவர் அவர்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அடுப்பை எனக்கு விட்டுவிட்டு எழுந்து போனார். அன்று முதல் அந்த வீட்டில் எனக்கு ஓர் இடம் வந்துவிட்டது.

வேறு வேலை உடனே கிடைக்கவில்லை. கேட்டுக் கேட்டு, போர்மேன் எரிந்து விழுந்து, கடைசியில் கல்யாணமாகி இரண்டாவது பொங்கலுக்குப் பிறகுதான் கிரேன் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அதுவரைக்கும் சங்கு தப்பான நேரத்தில் ஊதினால் நான் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். நல்ல வேளை, ஒவ்வொரு தடவையும் அவர் நடந்து வந்தார். நான் அதற்குள் பால்வாடியில் சேர்ந்திருந்தேன். முப்பது பிள்ளைகளுக்குப் பாட்டும் கஞ்சியும். ட்ரெயினிங் போன டீச்சர் இல்லைதான், ஆனால் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

கிரேனில் ஏறிய முதல் நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது, அவருடைய சட்டையில் புதிதாக ஒரு பொத்தல்கூட இல்லை. அதுவரை தினமும் தீப்பொறி பட்டு ஏதாவது ஓர் ஓட்டையோடு வருவார், மாமியார் முணுமுணுத்துக்கொண்டே தைத்து வைப்பார். அன்றும் ஊசியும் கையுமாகக் காத்திருந்தவர், சட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"நெசமா வேலைக்கித்தான் போனியா நைனா," என்று சந்தேகத்தோடு கேட்டார், "இல்ல சினிமாக்குப் போய்ட்டு வர்றியா?"