இஸ்திரி மேஜையில் ஒரு வெள்ளை முயல்

என் வீட்டுக்காரருக்கு ஒரு கோடு நேராக வராது. அளவுகோலைக் கையில் கொடுத்தாலும் அது பாதியில் எங்காவது வளைந்துவிடும். அப்படிப்பட்ட மனுஷனைப் பற்றி, "எனக்குப் படம் வரையக் கத்துக் கொடுத்ததே அவர்தான்" என்று இந்த ஊரில் இன்றைக்கும் ஒரு கூட்டமே சொல்லிக்கொண்டு திரிகிறது. கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் கோபமும் வரும். கத்துக் கொடுத்தாராம்! இடம் கொடுத்தார், சூடு கொடுத்தார், என் டீ கப்புகளை எல்லாம் எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரு சலவைக்கடை இருந்தது. முன்னால் கவுண்ட்டர், அங்கே நான். நடுவில் துவைக்கிற மெஷின்களும் உலர்த்துகிற மெஷின்களும். பின்னறையில் நீளமான இஸ்திரி மேஜை, அங்கே அவர். ஊரில் உள்ள அத்தனை சட்டைக் காலரும் அவர் கைபட்டு விறைப்பாக நிற்கும். அவர் போட்டிருக்கிற சட்டை மட்டும் மாடு மென்று துப்பியது மாதிரி இருக்கும். "ஊருக்கெல்லாம் தேய்க்கிறீங்களே, உங்க சட்டைய ஒரு தடவ அந்த மேஜையில போட்டா மேஜை கோவிச்சுக்குமா?" என்று கேட்டுக் கேட்டு என் வாய்தான் தேய்ந்தது.

குளிர்காலத்தில் எங்கள் தெருவில் காலை வைத்தால் கணுக்கால் வரை பனிக்குள் போகும். வீடுகளில் ஹீட்டரைச் சிக்கனமாகத்தான் போடுவார்கள். எங்கள் பின்னறை மட்டும் நீராவியும் இஸ்திரிச் சூடுமாகக் கதகதவென்று இருக்கும். அந்தக் கதகதப்புத்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

பள்ளிக்கூடத்தில் குளிர்கால விடுமுறைக்கு ஒரு வேலை கொடுப்பார்கள். குளிர்காலத்து விலங்கு ஏதாவது ஒன்றைப் பெரிய தாளில் வரைந்து, வாட்டர்கலர் அடித்துக் கொண்டுவர வேண்டும். ஒரு வருஷம், துணி துவைக்க வந்த ஒரு அம்மா மெஷின் நிற்கிறவரை உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பையன் மெதுவாகப் பின்னறைக்குள் நுழைந்து, இஸ்திரி மேஜை ஓரத்தில் தாளை விரித்துவிட்டான். நான் தற்செயலாக எட்டிப் பார்த்தால், தேய்த்து அடுக்கிய வெள்ளைச் சட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய நீலத் தண்ணீர்! எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னங்க இது, கடையா பள்ளிக்கூடமா? அந்தத் தண்ணி கொட்டுச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"கொட்டாது. ஆந்தை வரையறான். சத்தம் போடாத, பறந்துடும்," என்றார் அவர், இஸ்திரிப்பெட்டியை ஓட்டிக்கொண்டே.

மறுநாள் நான்கு பிள்ளைகள் வந்தார்கள். அடுத்த வாரம் மேஜையில் பாதி போய்விட்டது. அதற்கடுத்த குளிர்காலத்தில் விடுமுறை விட்ட அன்றைக்கே வாசலில் வரிசை நின்றது. நரி, மான், அணில், ஆந்தை, பனிச்சிறுத்தை என்று ஒரு காடே எங்கள் கடைக்குள் குடியேறியது. ஒரு சோம்பேறிப் பயல் தாள் நடுவில் ஒரு மேட்டை வரைந்து பழுப்பு அடித்துவிட்டு, "கரடி" என்றான். "கரடி எங்கடா?" என்று கேட்டேன். "உள்ள தூங்குது அத்தை. குளிர்காலம்ல?" என்றான். என் வீட்டுக்காரருக்கு அந்தப் படம் அவ்வளவு பிடித்துப்போனது. போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, மெதுவாகப் பேசச் சொல்லிக் காட்டினார்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஆவி மாமா. நீராவிக்கு நடுவிலிருந்து தலை மட்டும் தெரியுமாம். மாமா ஆவி என்றால் நான் யார்? ஆவி அத்தை! பார்க்கக் கொஞ்சம் நன்றாகவே இருந்த காலத்தில் எனக்குக் கிடைத்த பட்டம் அது. கவுண்ட்டரில் மரியாதையாக நின்றுகொண்டிருப்பேன். ஆள்கள் நிற்கும்போதே, "ஆவி அத்தை, மாமா பிரஷ் கழுவுன தண்ணிய டீன்னு நெனச்சுக் குடிச்சிட்டாங்க!" என்று உள்ளேயிருந்து கத்தும் ஒரு குட்டி. ஒரு தடவை இல்லை, குளிர்காலத்துக்குக் குளிர்காலம் இது நடக்கும். "பச்சைதான் கொஞ்சம் கசக்குது," என்பார் மனுஷன். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

வரையத் தெரியாதவருக்கு ஒன்று மட்டும் தெரியும். ஈரம் பட்ட தாள் காயும்போது அலை அலையாகச் சுருங்கிவிடும் அல்லவா? அதைக் கவிழ்த்து, இரண்டு பழைய தலையணை உறைகளுக்கு நடுவில் வைத்து, லேசாகச் சூடு காட்டி ஒரு இழுப்பு இழுப்பார். தாள் கடையில் வாங்கினது மாதிரித் தட்டையாக வந்துவிடும். தன் படம் மேஜைக்குப் போகும்போது பிள்ளைகள் மூச்சுவிடாமல் நிற்பார்கள். அவர் உறையைத் தூக்கியதும் ஒரு "ஓ!" எழும். அந்த "ஓ" கேட்பதற்காகவே அவர் வருஷம் பூராவும் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதும் இல்லை.

நான் சொல்ல வந்தது ஒரு குறிப்பிட்ட குளிர்காலத்தைப் பற்றி. அந்த வருஷம் வந்தவர்களில் முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண் இருந்தாள். அவள் அம்மாவுக்கு நுரையீரலில் ஏதோ கோளாறு, குளிர் தொடங்கியதிலிருந்தே ஆஸ்பத்திரியில். பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். அப்பா வேலை முடிந்து மனைவியைப் பார்க்கப் போகிற நேரத்தில் இவளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார். திரும்பி வந்து, ஆஸ்பத்திரித் தெரு வழியாக வீட்டுக்குக் கூட்டிப் போவார்.

"தெருவுல நின்னு அம்மாவுக்கு டாட்டா காட்டுவியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எல்லா ஜன்னலுக்கும் காட்டுவேன் அத்தை," என்றாள். "அப்பா வெரல நீட்டிக் காட்டுவாரு. நான் எண்ணுறதுக்குள்ள கண்ணு வேற ஜன்னலுக்குப் போயிடும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. அம்மாவால எழுந்து நிக்கவும் முடியாது. அதான் ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் காட்டிடுவேன்."

நான் ரசீதுக் கட்டைப் புரட்டுவது போலக் குனிந்துகொண்டேன். வேறு என்ன செய்ய?

அவளுக்குப் பள்ளிக்கூடத்தைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. அவள் வரைகிற படம் அம்மாவிடம் போக வேண்டும், அதுதான் ஒரே பிடிவாதம். தன் சீருடையை எங்களிடம் தேய்க்கப் போடுகிற நர்ஸம்மா ஒருத்தி அதே வார்டில்தான் வேலை பார்த்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணி எடுக்க வரும்போது படத்தையும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பதாக ஒத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தப் பெண் என்னைப் பார்க்கும்போதெல்லாம், வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று கேட்டு என்னைப் பிய்த்து எடுத்துவிட்டாள்.

அந்த வருஷம் டீச்சர் ஒரு புது வித்தை சொல்லிக் கொடுத்திருந்தாள். வெள்ளை மெழுகுவர்த்தித் துண்டால் வரைய வேண்டும். வரையும்போது ஒன்றும் தெரியாது, வெள்ளைமேல் வெள்ளை. பிறகு மேலே வண்ணத்தை ஓட்டினால், மெழுகு பட்ட இடத்தில் மட்டும் ஒட்டாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், அப்பா விட்டுவிட்டுப் போனதுமே அவள் தாள்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத எதையோ அழுத்தி அழுத்தி வரைந்தாள். பிறகு பெரிய பிரஷ்ஷால் கருநீலத்தை ஒரே இழுப்பாக இழுத்தாள்.

"ஏய், இங்க ஓடி வா, ஓடி வா!" என்று என் வீட்டுக்காரர் போட்ட கூச்சலில், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிக்கொண்டு ஓடினேன். நீல இருட்டுக்குள் ஒரு வெள்ளை முயல். ஒரு காது நீளம், ஒரு காது குட்டை. ஆனாலும் பின்னங்காலை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்து, எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, சும்மா சொல்லவில்லை.

தாள் நன்றாக நனைந்திருந்ததால் காயக் காய ஒரேயடியாகச் சுருண்டது. நர்ஸம்மா வருகிற நேரமும் ஆகிவிட்டது. "நீ போய் அத்தைகிட்ட பிஸ்கட் வாங்கிச் சாப்பிடு, அதுக்குள்ள மாமா தேய்ச்சு வெச்சிடறேன்," என்றார். அவள் என்னிடம் வந்து ஸ்டூலில் ஏறிக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மெழுகு வாசனை வந்தது. எழுந்து போனேன். அவர் தலையணை உறையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

மேஜையில் முயல் இல்லை. மெழுகு உருகித் தாளுக்குள் இறங்கி, அந்த இடமெல்லாம் எண்ணெய் பட்டது போல மங்கிச் சாம்பல் நிறமாகி, நீலத்தோடு கலந்துகிடந்தது. இதில் கொடுமை என்னவென்றால், மேஜைவிரிப்பில் மெழுகு சிந்திவிட்டது என்று யாராவது கொண்டுவந்தால் மேலே தாளை வைத்துச் சூடு காட்டித் தாளுக்குள் மெழுகை இறக்குகிறவர் இதே மனுஷன்தான். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கைப்பழக்கம் அப்படியே இழுத்துக்கொண்டு போய்விட்டது. சூட்டையாவது குறைத்தாரா? அதுவும் இல்லை.

"இன்னொண்ணு வரையச் சொல்லலாங்க," என்றேன் மெதுவாக.

"நேரம் ஏது? நர்ஸம்மா இப்ப வந்துடும். அதுவும் இல்லாம, அந்த முயல் திரும்பவும் வருமா?" என்றார். உறையை மடித்து ஓரமாக வைத்தார். "நானே சொல்லிடறேன்."

தாளை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து, ஸ்டூலுக்குக் கீழே மண்டியிட்டார். "கண்ணு, மாமா உன் முயலைக் கெடுத்துட்டேன்," என்றார். "சூடு அதிகமாயிடுச்சு. மெழுகு உருகிடும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் யோசிக்காம தேய்ச்சிட்டேன். தப்பு என்னோடதுதான்."

அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. ஸ்டூலிலிருந்து இறங்கினாள், தாளை வாங்கினாள், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடையின் கண்ணாடிக் கதவுக்குப் போனாள். எங்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் தாளைக் கண்ணாடியில் வைத்து, அதன் மேலேயே நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள். என் வீட்டுக்காரர் மண்டியிட்டபடியே இருந்தார். இனிமேல் ஒரு பிள்ளையையும் பின்னறைக்குள் விடமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. முதல் நாளிலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கத்தியவள் நான்தான். ஆனால் அந்த நிமிஷம், அப்படி மட்டும் ஆகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

"அத்தை," என்றாள் அவள், திரும்பாமலேயே. "முயலு வெளிச்சமா இருக்கு."

போய்ப் பார்த்தேன். வெளியே தெரு முழுக்கப் பனி, எதிரே விளக்கு. மெழுகு ஊறிய இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. மேஜையில் அழுக்குக் கறையாகத் தெரிந்ததெல்லாம் கதவில் வைத்தபோது ஒளியை உள்ளே விட்டது. நீலம் மட்டும் இருட்டாக நின்றது. நடுவில் முயல், நெட்டைக் காதும் குட்டைக் காதுமாக, ஓரமெல்லாம் கொஞ்சம் கசிந்து, உடம்பு முழுக்க வெளிச்சமாக உட்கார்ந்திருந்தது.

"ஏங்க, எழுந்து வாங்க," என்றேன். அவருக்கு முட்டி பிடித்துக்கொண்டது. கையைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

நர்ஸம்மா வந்ததும் அந்தப் பெண்ணே பேசினாள். "சுவத்துல ஒட்டக்கூடாது. ஜன்னல்ல ஒட்டணும். அம்மா கட்டில் பக்கத்துல இருக்கற ஜன்னல்ல," என்று ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னாள். "சரிங்க மேடம்," என்று சொல்லி நர்ஸம்மா தாளைச் சுருட்டாமல், தேய்த்த சீருடைக்கு நடுவில் வைத்து எடுத்துப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் கடையை நேரத்தோடு மூடினார். அப்பாவும் பெண்ணும் முன்னால், நாங்கள் பின்னால், பனியில் காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆஸ்பத்திரித் தெருவுக்குப் போனோம். அந்தத் தெருவும் அந்தக் கட்டடமும் இப்போதும் இருக்கின்றன. கடை இல்லை. அவரும் இல்லை. அந்தப் பெண்ணின் அம்மா பனி உருகியதும் வீட்டுக்கு வந்தாள், ரொம்ப நாள் நன்றாக இருந்தாள். ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எங்களில் யாருக்கும் தெரியாது. குளிர் மட்டும்தான் தெரிந்தது.

கட்டடம் முழுக்க ஜன்னல். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மஞ்சள் விளக்கு. மூன்றாவது மாடியில் ஒன்று மட்டும் நீலமாக இருந்தது, அதற்குள் முயல் எரிந்துகொண்டிருந்தது. அப்பா விரலை நீட்டப் போனார், தேவைப்படவில்லை. அந்தப் பெண் கையுறையைக் கழற்றிக் கீழே போட்டாள். கையை உயரத் தூக்கி, அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் ஆட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை. பிறகு முயலின் வயிற்றில் ஒரு நிழல் விழுந்தது. ஐந்து விரலும் தெரிந்தது. மெதுவாக, ரொம்ப மெதுவாக, அது இப்படியும் அப்படியும் அசைந்தது.

"அம்மா கை!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று மேலே பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார், யாருக்கு என்றே தெரியாமல். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை. நானும் கையைத் தூக்கினேன்.