சாயம் நின்ற இடம்

என் இடது காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்னோடு வேலை பார்த்த பெண் பின்னாலேயே வந்து, "இன்னாக்கா, செருப்ப வாசல்லியே உட்டுட்டு வந்துக்கினு இருக்கிற?" என்று கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். வெறும் கால், தரையில் பதிந்திருந்தது. தரை என்று ஒன்று இருப்பதே அந்தக் காலுக்குத் தெரியவில்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு நாற்பத்தொரு வயது. காஞ்சிபுரத்தில், இணைப்புப் பலகையின் முன்னால் நாளெல்லாம் உட்கார்ந்து, அழைப்பவர்களை வேண்டியவர்களோடு இணைத்துவிடும் வேலை. உட்கார்ந்தே இருப்பதால் மரத்துப்போகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். இதைப் படிக்கிற யாருக்காவது செருப்பு கழல்வது தெரியாமல் போனால், தயவுசெய்து என்னைப் போல ஏழு மாதம் காத்திருக்காதீர்கள்.

அந்த ஏழு மாதத்தில் மரமரப்பு முழங்காலுக்கு ஏறியது, இடுப்புக்கு ஏறியது, தொப்புளில் வந்து நின்றது. அதற்குக் கீழே இருந்த உடம்பு யாரோ என் மேல் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனது போலிருந்தது. ஊர் டாக்டர் சத்து ஊசி போட்டார். பிறகு, முதுகெலும்பில் காசநோயாக இருக்கலாம் என்று பலகையில் படுக்க வைத்தார். கூரையைப் பார்த்தபடி ஐந்து வாரம் கிடந்தேன். கால்கள் இன்னும் விறைத்தன.

ஒரு நாள் காலையில் சிறுநீர் வரவில்லை. மத்தியானத்துக்குள் வயிறு உப்பிவிட்டது. வலித்திருக்க வேண்டும், வலிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் என் கணவர் ஏகாம்பரம் பயந்தார். அவர் செங்கல்பட்டு பஸ்ஸில் கண்டக்டர். காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வாடகைக் கார் பிடித்து என்னைச் சென்னைக்குக் கொண்டு போனார்.

மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரி. முதலில் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் ரப்பர் குழாய்) போட்டார்கள். பிறகு நரம்பு அறுவை சிகிச்சை டாக்டர் குண்டூசியால் காலிலிருந்து குத்திக்கொண்டே வந்தார். தொப்புளருகே வந்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. முதுகுக்குள் ஏதோ ஒன்று தண்டுவடத்தை (மூளையிலிருந்து கீழே இறங்கும் நரம்புக் கற்றை) நசுக்குகிறது என்றார். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் திறக்க முடியும். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், நரம்பு தெரியாது. முதுகில், தொப்புளுக்குச் சற்று மேலே ஓர் எலும்பு லேசாகப் புடைத்திருந்தது. அதன் மேல்தான் அவருக்குச் சந்தேகம்.

என்னைக் கதிரியக்கத் துறைக்கு அனுப்பினார்கள். கட்டடத்தின் பின்பக்கம், நீளமான நடையின் கடைசியில் அவர்களுடைய ஆராய்ச்சி அறைகள் இருந்தன. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. சுலோசனா என்ற டாக்டரம்மா அங்கே மையலோகிராம் (தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் சாயம் செலுத்தி, அது ஓடுவதைப் பார்த்து எடுக்கும் படம்) பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். இருட்டுக்குக் கண் பழக வேண்டும் என்பதால் சிவப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவர் கண்களை அன்று நான் பார்க்கவே இல்லை.

இடுப்பில் ஊசி போட்டு எண்ணெய் போன்ற சாயத்தைச் செலுத்தினார்கள். என்னைக் குப்புறப் படுக்க வைத்து, மேசையோடு சேர்த்து இடுப்பிலும் கணுக்காலிலும் வாரால் கட்டினார்கள். விளக்கை அணைத்தார்கள். மேசை தலைப்பக்கமாகச் சரியத் தொடங்கியது. சாயம் தலையை நோக்கி ஓடுவதற்காக அப்படிச் சாய்ப்பார்கள்.

இந்த இடத்தை நான் சரியாகச் சொல்ல வேண்டும். இடுப்பையும் கணுக்காலையும் கட்டியிருந்த வார் எனக்கு உறைக்கவில்லை. ஆகவே, அசைய முடியாமல் கட்டுண்டிருந்தபோதே, என்னைப் பிடித்துக்கொள்ள எதுவுமில்லாமல் தலைகீழாக விழுந்துகொண்டிருந்தேன். ரத்தம் முகத்தில் ஏறியது, மூச்சு அடைத்தது. கத்தினேன். இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சினேன். கடைசியில் மேசையை நிமிர்த்திவிட்டார்கள்.

மறுநாள் அறுவை சிகிச்சை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாயம் தொப்புளுக்குச் சற்று மேலே, புடைத்த எலும்பருகே நின்றிருந்தது. சந்தேகப்பட்ட இடமே உறுதியாகிவிட்டது, மூன்றாம் நாள் அங்கே திறக்கலாம் என்றார். ஏகாம்பரம் கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் சுலோசனா டாக்டர் தானாகவே வார்டுக்கு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அங்க சாயம் நிக்கலம்மா. நீங்க கத்தினதும் நாங்கதான் நிறுத்தினோம். அதுக்கு மேல போயிருக்குமான்னு எனக்குத் தெரியல."

எனக்குப் புரிந்தது. தவறான இடத்தில் முதுகைத் திறந்தால் நசுக்குவது அப்படியே இருக்கும், கால்கள் திரும்பாது. சாயம் உள்ளேயேதான் இருக்கிறது, மறுபடி ஊசி வேண்டாம், மேசையில் ஏறினால் மட்டும் போதும் என்றார். என்னால் முடியாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. காலையில் சொன்னால் போதும் என்று எழுந்து போனார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. இப்படியும் முடியாது, அப்படியும் முடியாது என்று என்னை ஒரு மூலையில் நிறுத்திவிட்டுப் போய்விட்டாரே என்று. ஏகாம்பரம் என் போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டார். பிறகு, "நானும் உள்ள வரேன். கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

காலையில் சரி என்றேன். விதிப்படி யாரையும் உள்ளே விடமாட்டார்கள். சுலோசனா டாக்டர் அனுமதித்தார். கனமான ஈய அங்கியை மாட்டிக்கொண்டு ஏகாம்பரம் என் தலைமாட்டில் நின்றார். தொப்புளுக்கு மேலே எங்கே பிடித்தாலும் எனக்குத் தெரியும் என்று சொன்னேன். இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

விளக்கு அணைந்தது. மேசை சரிந்தது. எனக்குத் தொண்டை வரை கத்தல் வந்துவிட்டது. அவருக்கு ஆறுதல் வார்த்தை எதுவும் வராது. என்ன சொல்வதென்று தெரியாமல், தினம் பஸ்ஸில் சொல்வதையே தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

"ஐயம்பேட்டை... ஐயம்பேட்டை எறங்கு."

அடுத்த நிறுத்தம் வரை பொறுத்துக்கொண்டேன். வாலாஜாபாத் வந்தது. மேசை இன்னும் சரிந்தது. சாயம் எலும்பைத் தாண்டிவிட்டதாக டாக்டர் யாரிடமோ சொன்னார். பழையசீவரம். கண்ணுக்குள் ரத்தம் துடித்தது. செங்கல்பட்டு வருவதற்குள், "நின்னுடுச்சு, எடுங்க படம்" என்றது டாக்டரின் குரல்.

சாயம் என் தோள்பட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தது. முன்பு குறித்த இடத்திலிருந்து ஒரு சாண் மேலே. படத்தில், கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் ஒரு விளிம்பு. அறுவை சிகிச்சை டாக்டர் அதை இரண்டு முறை பார்த்தார், குறிப்பை அடித்துவிட்டு மாற்றி எழுதினார்.

அங்கேதான் திறந்தார்கள். மெனிஞ்சியோமா (தண்டுவடத்தை மூடிய சவ்விலிருந்து வளரும் கட்டி, பெரும்பாலும் புற்றுநோய் அல்ல). மொச்சைக்கொட்டை அளவுதான் இருந்ததாம்.

உடனே எழுந்து நடந்தேன் என்று எழுத ஆசைதான். எட்டு நாள் ஒன்றுமே நடக்கவில்லை. ஆயாக்கள் வந்து என்னை மூட்டையைப் போலப் புரட்டிவிட்டுப் போனார்கள். ஒன்பதாம் நாள் ஏகாம்பரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அசையுதும்மா" என்றார். வலது பெருவிரல். எனக்குத் தெரியவில்லை, அவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்று நான் சந்தோஷப்படவில்லை. ஒரு விரலுக்கு இவ்வளவு நாள் என்றால் மற்றவற்றுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு அழுதேன். குழாயை எடுக்க ஆறு வாரம். இரு கம்பிகளைப் பிடித்து நிற்க மூன்று மாதம். எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்ப ஒரு வருடம்.

வலது கால் திரும்ப வந்துவிட்டது. இடது கால் முழுதாக வரவில்லை. அது எங்கே இருக்கிறது என்பதைக் கண்தான் எனக்குச் சொல்கிறது. கண்ணை மூடிக்கொண்டு நின்றால் விழுந்துவிடுவேன். முகம் கழுவக்கூட உட்கார வேண்டும். அந்தி சாய்வதற்குள் வீட்டில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலுக்குப் போகிறோம். தீபாராதனை காட்டும்போது சுற்றியிருக்கிற எல்லோரும் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள், ஏகாம்பரமும்கூட. நான் மட்டும் விழித்தபடி நிற்கிறேன். மூடிய கண்களோடு அத்தனை முகங்கள். யாரும் பார்க்காதபோது மனிதர்கள் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும் இப்போது. முன்பெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் கற்பூரம் அணைந்திருக்கும். அது எரிந்து முடிய நெடுநேரம் ஆகிறது.