மேலிலையைப் பார்க்காதவர்

தேயிலை விலை விழுந்திருந்த காலம். கட்டபெட்டு ஃபேக்டரியில் எங்கள் தோட்டத்துப் பச்சை இலையைத் தரம் பார்ப்பவர் அவர். மெலிந்த ஆள், காலருக்குக் கீழே நீளத் தழும்பு தெரியும். மூட்டையின் மேலிலையைப் பார்க்கவே மாட்டார். அடிவரை கையை நுழைப்பார். முற்றல் இலை அகப்பட்டால் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார். திட்டிக்கொண்டே சுமந்து வருவேன்.

மாற்று இதயம் பொருத்தப்பட்டவர். ஒருநாள் சொன்னார்: "நாளைக்குக் கோயமுத்தூர்ல எம்.ஆர்.ஐ. ஸ்கேனுங்க. முந்தி கழுத்து வழியா கம்பி விட்டு, இதயத்துல துளி சதை கிள்ளிப் பார்த்தாங்க. இப்ப ஸ்கேன்லயே உடம்பு புது இதயத்தை ஏத்துக்குதா, தள்ளுதான்னு பார்க்கறாங்க."

"பார்க்க நல்லாத்தானுங்க இருக்கீங்க?"

"மேலிலையும் நல்லாத்தானுங்க இருக்கும்."

அடுத்த வாரம் மூட்டையோடு போனேன். "உடம்பு ஏத்துக்கிச்சுங்க" என்று சிரித்தார். சிரித்தபடியே அடிவரை கைவிட்டு, என் மூட்டையைத் திருப்பி அனுப்பினார்.

அன்று மட்டும் நான் திட்டவில்லை.